பழைய செவர்லே பிக்கப்பில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால்: எந்தக் கியர் இல்லை என்பதில் இருந்து ஆரம்பியுங்கள்

என்னிடம் இருப்பது 1997 செவர்லே சி1500. 5.7 லிட்டர் வி8 எஞ்சின், பின்சக்கர இழுவை, டெக்சஸில் ஓடும் வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டேன். எஞ்சின் சத்தம் ஏறியது, வண்டி அசையவில்லை. தள்ளி வெளியே கொண்டுவந்து முன்னால் எடுத்தால் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் மட்டும் உறுமியது, அப்புறம் திடீரென்று பிடித்துக்கொண்டு ஓடியது. கடையில் காட்டினேன். ஓட்டிக்கூடப் பார்க்காமல் "பெட்டி முழுக்கப் போச்சு, 2,900 டாலர்" என்றார்கள். வண்டியை விற்றாலும் அவ்வளவு வராது.

கடைசியில் காயலான் கடையில் ஒரு பெட்டி வாங்கி நானே மாற்றினேன். பெட்டி 275, எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் 140, ஆயில் 75, கூலர் 65, ஜாக்கி வாடகை 45, ஃபில்டரும் கேஸ்கட்டும் 25, முன் சீல் 10. மொத்தம் 635 டாலர். இதே நிலையில் நிற்பவர்களுக்காக அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பெட்டியைக் கழற்றாமலே தீரும் கோளாறுகள் இதில் பல இருக்கின்றன. அவற்றைத் தாண்டிய பிறகுதான் கழற்றும் பேச்சு.

நான் சொல்வது 4எல்60இ என்ற பெட்டியைப் பற்றி. 1982-ல் வந்த 700ஆர்4 பெட்டிக்கு 1990-ல் 4எல்60 என்று பெயர் மாறியது. 1993-ல் அது எலக்ட்ரானிக் ஆகி செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் (ஜெனரல் மோட்டார்ஸ்) பிக்கப்புகளில் ஏறியது. உங்கள் வண்டியில் இதுதானா என்று பார்க்க, கையுறைப் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எம்30 என்ற குறியைத் தேடுங்கள். ஸ்டிக்கர் போயிருந்தால் வண்டிக்கு அடியில் குனிந்து ஆயில் பேனின் போல்ட்டை எண்ணுங்கள். 16 என்றால் இந்தப் பெட்டி. 17 என்றால் கனரக வண்டிகளின் 4எல்80இ, அது வேறு கதை.

எதையும் தொடுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி, சமதரையில், பார்க்கில், ஓடிக்கொண்டிருக்கும்போது அளவுக்கம்பியை இழுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும், ஏமாந்துவிடுவோம். ஒன்றரை லிட்டர் குறைந்தாலே கியர் நழுவ ஆரம்பிக்கலாம்.

எந்தக் கியரிலும் நகரவில்லை

ஆயில் சரியாக இருந்தால், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு ஒருவரை சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பாருங்கள். அடியில் படுக்கக் கூடாது. கியர் போட்டு பிரேக்கை விட்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஷாஃப்ட் சுற்றி, சக்கரம் சுற்றவில்லை என்றால் கோளாறு டிஃபரன்ஷியலிலோ ஆக்சிலிலோ இருக்கிறது. கியர்பாக்ஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. நாலு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் மாட்டி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஷாஃப்ட்டும் சுற்றவில்லையா? கியர் லிவரில் இருந்து பெட்டிக்கு வரும் கேபிள் கழன்றிருக்கலாம். லிவர் நகரும், பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிறு இரும்புக் கை நகராது. ஒருவர் லிவரை அசைக்க இன்னொருவர் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதுவும் சரி என்றால் ஃபிளைவீல் மூடியைக் கழற்றி, எஞ்சினையும் கன்வர்ட்டரையும் இணைக்கும் தட்டான ஃபிளெக்ஸ் பிளேட்டைப் பாருங்கள். அது நடுவில் வட்டமாக வெடித்திருந்தால் எஞ்சின் சுற்றும், கன்வர்ட்டர் சுற்றாது. வெடிக்க ஆரம்பித்தபோதே எஞ்சின் அடியில் தட்டுவது போல் சத்தம் வந்திருக்கும். இவை எல்லாம் நன்றாக இருந்து எந்தக் கியரிலும் பிடிப்பு இல்லை என்றால்தான் பெட்டிக்குள் ஆயிலை அழுத்தும் பம்ப் போனது என்ற முடிவுக்கு வரலாம்.

கிளம்பும்போது இழுவையே இல்லை, ஆனால் ஓடுகிறது

டி-யில் போட்டால் மூட்டை ஏற்றிய வண்டி மாதிரி மெல்லக் கிளம்பும். கியர் மாறவே மாறாது. ரிவர்ஸ் இருக்கும், கியர் விழும்போது பலமாக உதைக்கும். இதைப் பார்த்து பயந்து பெட்டியைக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். இந்தப் பெட்டியில் கியர் மாற்றுவது இரண்டு சாலனாய்டு, அதாவது மின்சாரத்தால் ஆயில் பாதையைத் திறந்து மூடும் வால்வ். இரண்டுக்கும் மின்சாரம் இருந்தால் முதல் கியர். இரண்டுக்கும் இல்லாவிட்டால் மூன்றாம் கியர், ஆயில் அழுத்தமும் உச்சத்துக்குப் போய்விடும். ஆகவே மின்சாரம் அறுந்த வண்டி மூன்றாவதில் இருந்தே கிளம்புகிறது.

ஃபியூஸைப் பாருங்கள். பெட்டியின் வலப்பக்கம் செருகியிருக்கும் வட்டக் கனெக்டரைப் பிடுங்கி, உள்ளே ஆயில் ஏறியிருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். வயர் எக்ஸாஸ்ட் குழாயில் பட்டு உருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1996-க்குப் பிந்தைய வண்டி என்றால் வண்டிக் கம்ப்யூட்டரின் கோளாறுக் கோடுகளைப் படிக்கும் சாதாரண ஓபிடி ஸ்கேனரிலேயே பி0753, பி0758 என்று சாலனாய்டு கோடு வரும். சாலனாய்டே போயிருந்தாலும் ஆயில் பேனைக் கழற்றி மாற்றிவிடலாம். ஸ்பீடோமீட்டர் முள்ளும் சேர்ந்து படுத்திருந்தால் பெட்டியின் வாலில் இருக்கும் வேக சென்சாரில் இருந்து ஆரம்பியுங்கள்.

டி-யில் நகரவில்லை, லிவரை 1-க்கு இறக்கினால் நகர்கிறது

உள்ளே ஒரு பக்கம் மட்டும் பூட்டிக்கொள்ளும் ஒருவழி கிளட்ச் ஒன்று உடைந்திருக்கிறது. 1-ல் போட்டால் வேறு கிளட்ச்கள் அதற்கு முட்டுக்கொடுக்கின்றன, அதனால் நகர்கிறது. வீடு வரைக்கும் அப்படியே ஓட்டி வரலாம். ஆனால் பெட்டி இறங்கியே ஆக வேண்டும்.

ரிவர்ஸ், இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் இல்லை

என் வண்டிக்கு வந்தது இதுதான். இந்தப் பெட்டியின் பிரபலமான நோயும் இதுதான். ரிவர்ஸில் அசையாது. டி-யில் முதல் கியரில் கிளம்பி, இரண்டு வர வேண்டிய இடத்தில் நியூட்ரல் போல எஞ்சின் உறுமும், மூன்றாவது வந்ததும் பிடித்துக்கொள்ளும். இந்த மூன்று கியருக்கும் பொதுவான ஒரே பாகம் சன் ஷெல். குவளை போன்ற மெல்லிய உருக்குக் கூடு அது. முதல் கியருக்கும் மூன்றாவதுக்கும் அதன் பிடிப்பு தேவையில்லை, மற்ற மூன்றுக்கும் அது வேண்டும்.

மாற்றி முடித்த பிறகு பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கூடு முழுசாக இருந்தது. அதன் நடுக்கழுத்து மட்டும் தனியாக வளையமாகக் கழன்று கையோடு வந்தது. வெட்டின விளிம்பு கத்தி போலப் பளபளத்தது. கிளட்ச் தட்டுகள் எல்லாம் இன்னும் சில வருஷம் ஓடக்கூடிய நிலையில் இருந்தன. 2,900 டாலர் சொன்ன பெட்டியில் போனது அந்த ஒரு கழுத்துதான். கெட்டிப்படுத்திய புதுக் கூடு கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. பெட்டியைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த நண்பர் பக்கத்தில் இருந்தால் அதைப் போட்டாலே போதும். எனக்கு அப்போது அந்தப் பழக்கம் இல்லை, அதனால் முழுப் பெட்டியாக மாற்றினேன்.

ரிவர்ஸ் மட்டும் போய் மற்ற நான்கும் இருந்தால் ஷெல்லைக் குறை சொல்லாதீர்கள். லிவரை 1-ல் வைத்து மெதுவாக ஓட்டி, ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள். எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடித்தால் லோ-ரிவர்ஸ் கிளட்ச் நன்றாக இருக்கிறது, போனது ரிவர்ஸ் இன்புட் கிளட்ச். இழுத்துப் பிடிக்காமல் வண்டி வழுக்கிக்கொண்டு போனால் லோ-ரிவர்ஸ்தான்.

மூன்றும் நான்கும் இல்லை

ஒன்று, இரண்டு ஒழுங்காக மாறும். மணிக்கு 25, 30 மைல் தாண்டி மூன்றாவது வர வேண்டிய நேரத்தில் எஞ்சின் மட்டும் ஏறும். 3-4 கிளட்ச் எரிந்துவிட்டது. அளவுக்கம்பியை மோந்து பார்த்தால் கருகின வாடை வரும், ஆயில் பழுப்பாக இருக்கும். லிவரை 2-ல் வைத்து மெதுவாக வீட்டுக்கு வந்துவிடுங்கள். மூன்றாவதைத் தேடித்தேடி ஓட்டினால் எரிந்த துகள், கிளட்ச்களுக்கு ஆயிலைப் பங்கிடும் வால்வ் பாடி, கூலர் எல்லாவற்றிலும் பரவும்.

700ஆர்4, பழைய 4எல்60 வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். அவற்றில் த்ராட்டிலில் இருந்து பெட்டிக்கு ஒரு கேபிள் வரும். உள்ளே ஆயில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான். அது தளர்ந்திருந்தால் நல்ல பெட்டிகூடக் கொஞ்ச நாளில் கிளட்ச் எரிந்து போகும். வேறு பெட்டி போட்டுவிட்டு அந்தக் கேபிளைச் சரிசெய்யாமல் விட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

இரண்டும் நான்கும் மட்டும் இல்லை, ரிவர்ஸ் இருக்கிறது

போனது 2-4 பேண்ட், இந்த இரண்டு கியருக்கும் உள்ளே இறுக்கிப் பிடிக்கும் பட்டை. ஆனால் பேண்ட்டை இறுக்கும் சர்வோ பெட்டியின் வலப்பக்கம் வெளியில் இருந்தே கழற்றக்கூடிய ஒரு மூடிக்குள் இருக்கிறது. அதன் சீல் மட்டும் கிழிந்திருந்தாலும் இதே அறிகுறிதான். முதலில் அதைப் பாருங்கள்.

சூடானதும் ஒன்றில் இருந்து இரண்டுக்குப் போகும்போது உதைக்கிறது, எஞ்சின் விளக்கு எரிகிறது

ஸ்கேனரில் பி1870 என்று வரும். காலையில் நன்றாக இருக்கும். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடின பிறகு, சிக்னலில் நின்று கிளம்பினால் பின்னால் யாரோ மோதின மாதிரி உதைக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் கன்வர்ட்டரைப் பூட்டும் ஆயில் பாதையில் ஒரு வால்வ் முன்னும் பின்னும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. வருஷக்கணக்கில் அது அலுமினிய வால்வ் பாடியின் துளையைத் தேய்த்துவிடுகிறது. அங்கே அழுத்தம் கசிந்து கன்வர்ட்டர் வழுக்குகிறது. அதைக் கண்ட கம்ப்யூட்டர், கிளட்ச்களைக் காப்பாற்ற அழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றுகிறது. அந்த உதைதான் நமக்குத் தெரிகிறது.

இதற்குப் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. ஆயில் பேனைக் கழற்றி, வால்வ் பாடியை மட்டும் இறக்கி, தேய்ந்த துளையைப் பெரிதாக்கி உள்ளே ஒரு ஸ்லீவ் போடும் கிட் இருக்கிறது. சோனாக்ஸ் நிறுவனம் செய்கிறது. துளையைச் செதுக்கும் கருவி வாங்க மனமில்லை என்றால் வால்வ் பாடியை மட்டும் எந்திரக் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். வால்வ் பாடி இறங்கும்போது சிறு குண்டுகள் பொலபொலவென்று விழும். எது எந்தக் குழியில் இருந்தது என்று படம் எடுத்துவைக்காமல் போல்ட்டைக் கழற்றாதீர்கள்.

ஆயில் ஸ்ட்ராபெரி மில்க்ஷேக் போல இருக்கிறது

ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. கிளட்ச் தட்டின் உராய்வுத் தாள் தண்ணீரில் ஊறி உரிந்துவிடும். ஓரிரு நாளில் கண்டுபிடித்துக் கழுவிவிட்டால் பிழைக்க வாய்ப்புண்டு. பல நாள் ஓடியிருந்தால் பெட்டி, ரேடியேட்டர் இரண்டுமே மாற்ற வேண்டும். பெட்டியை மட்டும் மாற்றினால் ஓட்டை ரேடியேட்டர் புதிதாகப் போட்டதையும் தின்றுவிடும்.

பெட்டியை மாற்றத்தான் வேண்டும் என்றானால்

ஆயில் பேனைக் கழற்றிப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய களிம்பு இருப்பது சாதாரணம். செம்பு, பித்தளைச் சில்லுகளோ கறுப்புத் தூள் குவியலோ இருந்தால் உங்கள் பெட்டிக்கு இனி செலவு செய்யாதீர்கள்.

காயலான் கடையில் தேடும்போது வருஷம் முக்கியம். 1993-ல் இருந்து 1996 வரைக்கும் உள்ளே சாலனாய்டும் மின்கட்டுப்பாடும் மாறிக்கொண்டே வந்தன. என் 1997 வண்டிக்கு 1996 முதல் 1998 வரையிலான வண்டிகளில் மட்டும் தேடினேன். பிக்கப்தான் வேண்டும் என்பதில்லை. அதே வருஷத்து டாஹோ, அரை டன் சபர்பன், எக்ஸ்பிரஸ் வேன் இவற்றிலும் இதே பெட்டி உண்டு. 1999-ல் வந்த புதுத் தலைமுறை வி8 எஞ்சின் வண்டியின் பெட்டியை எடுத்து வந்துவிடாதீர்கள், மணிவடிவ முன்பகுதியும் கன்வர்ட்டரும் வேறு. நாலு சக்கர இழுவை வண்டியின் பெட்டிக்கு வால் பகுதியும் வெளி ஷாஃப்ட்டும் வேறு. பின்சக்கர வண்டிக்கு அது நேராகப் பொருந்தாது.

நான் தேர்ந்தெடுத்தது பின்பக்கம் நசுங்கிய ஒரு டாஹோ. விபத்தில் வந்த வண்டி என்றால் அதுவரை ஓடிக்கொண்டிருந்த வண்டி என்று அர்த்தம். உடம்பில் கீறல்கூட இல்லாமல் காயலான் கடையில் நிற்கும் வண்டி பெரும்பாலும் எஞ்சினாலோ கியர்பாக்ஸாலோ அங்கே வந்தது. ஆயில் சிவப்பாக இருக்கிறதா, வாடை வருகிறதா பாருங்கள். முடிந்தால் அங்கேயே பேனை இறக்கிப் பாருங்கள். கோளாறு என்றால் மாற்றித் தர எத்தனை நாள் கெடு என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள். அந்தக் கெடுவுக்குள் வண்டியில் ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நான் வாங்கின வாரமே ஏற்றினேன்.

இறக்குவது பற்றி. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். நான்கு பக்கமும் கனமான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். பெட்டி ஏறக்குறைய 150 பவுண்டு, 68 கிலோ. கியர்பாக்ஸ் ஜாக்கியை வாடகைக்கு எடுங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஃபிளைவீல் மூடி வழியாகக் கன்வர்ட்டரின் மூன்று போல்ட்டையும் எஞ்சினைக் கையால் சுற்றி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மேலே இருக்கும் முன்பகுதி போல்ட்டுக்கு எந்தக் கையும் எட்டாது. பெட்டியின் வாலைக் கொஞ்சம் தாழ்த்தி, மூன்று அடி நீளத்துக்கு எக்ஸ்டென்ஷன் சேர்த்து, பெட்டியின் முதுகு வழியாகப் பின்னால் இருந்து சாக்கெட்டை நுழைத்தால் கழலும். தாழ்த்தும்போது எஞ்சினின் பின்புறம் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் ஃபயர்வாலில் முட்டுகிறதா என்று அடிக்கடி எழுந்து பாருங்கள். முட்டினால் மூடி உடையும். அளவுக்கம்பிக் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டை எல்லாரும் மறக்கிறார்கள்.

கன்வர்ட்டரைப் புதிதாகப் போட்டேன். பழையது கழுவ முடியாத ஒரு சட்டி, உள்ளே இருக்கும் துகளை யாராலும் பார்க்க முடியாது. வைப்பதற்கு முன் இரண்டு லிட்டர் ஆயில் அதற்குள் ஊற்றி, பெட்டியின் முன் சீலையும் மாற்றினேன்.

அடுத்த வேலைக்கு அவசரமே கூடாது. கன்வர்ட்டரை ஷாஃப்ட்டில் செருகி, உள்ளே தள்ளியபடி மெல்லச் சுற்ற வேண்டும். "டக்" என்று ஒரு படி இறங்கும். இன்னும் சுற்றினால் இரண்டாவது "டக்". பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கும் உட்கார்ந்துவிட்டது போலத்தான் தெரிந்தது. இன்னும் பத்து நிமிடம் சுற்றியபோது மூன்றாவது படி இறங்கியது, அதுதான் பம்ப்பின் பற்களில் பூட்டுவது. பெட்டியை எஞ்சினோடு சேர்க்கும்போது முன்பகுதி கையாலேயே முழுக்க உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் கன்வர்ட்டர் தனியாகக் கையால் சுற்ற வேண்டும். அதற்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் இடையே மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி இல்லை, அல்லது முன்பகுதி கொஞ்சம் விலகி நிற்கிறது என்றால் போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்காதீர்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்த நொடியில் பம்ப் உடையும். திரும்ப இறக்கி மூன்றாவது படியைத் தேடுங்கள்.

கூலர் குழாய்களைக் கழுவாமல் பொருத்தக் கூடாது. பழைய பெட்டியின் தூள் அத்தனையும் அங்கேதான் தங்கியிருக்கும். நான் கழுவும் திரவம் அடித்துச் சுத்தமாக வரும்வரை காற்றடித்தேன், ரேடியேட்டருக்கு முன்னால் தனிக் கூலரும் ஒன்று சேர்த்தேன். புது ஃபில்டர், கேஸ்கட். ஆயில் டெக்ஸ்ரான் 6. பழைய டெக்ஸ்ரான் 3 கேட்கும் பெட்டிக்கும் அது பொருந்தும். கன்வர்ட்டரும் காலியாக இருந்தால் மொத்தம் 11 குவார்ட் (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) அளவுக்குப் பிடிக்கும். முதலில் ஐந்து ஊற்றி ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரிலும் ஒரு சுற்று வந்து, பார்க்கில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கூலரில் இருந்து திரும்பிவரும் குழாயை வாளியில் விட்டுப் பார்த்தால், எஞ்சின் சும்மா ஓடும்போது 20 விநாடியில் ஒரு குவார்ட் அளவு வர வேண்டும். குறைந்தால் அடைப்பு இன்னும் இருக்கிறது.

முதல் இருபது மைல் ஊருக்குள்ளேயே ஓட்டினேன். ரிவர்ஸ் போட்டதும் லேசாக ஒரு அசைவு, வண்டி பின்னால் நகர்ந்தது. மறுநாள் சூடாக இருக்கும்போது மறுபடி அளவு பார்த்து அரை குவார்ட் சேர்த்தேன். பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் அதற்காகக் கடை பிடித்துவைத்த முன்பணமான கோர் பணம் திரும்ப வரும், அதனால் உங்களுடையதை எறிந்துவிடாதீர்கள். கொடுப்பதற்கு முன் ஆயிலை முழுக்க வடித்துவிடுங்கள். வடித்த ஆயிலைப் பல பார்ட்ஸ் கடைகள் காசில்லாமல் வாங்கிக்கொள்கின்றன, மூடியுள்ள கேனில் கொண்டுபோனால் போதும்.